மலை ரயிலும் மாட்டாத பிலிமும்

36 படம் பிடிக்கும் பிலிம் ரோல் அது. குன்னூர் ஸ்டேஷனில் இறங்கி கேமராவின் எண்ணிக்கையைப் பார்த்தால் 39 என்று காட்டுகிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது. ரீவைண்ட் குமிழைத் திருப்பினேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றியது. பிலிம் நுனி உள்ளே மாட்டவே இல்லை. ஊட்டி மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை முழுக்க, நான் வெறும் காற்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இராத்திரி முழுக்கத் தூங்காமல் சென்னையிலிருந்து வந்து, 7.10-க்குக் கிளம்பும் வண்டிக்கு 7 மணிக்கு மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் நின்று பிலிம் போட்டால் இப்படித்தான் ஆகும். பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க இரண்டு வினாடி போதும். அந்த இரண்டு வினாடியைத்தான் மிச்சம் பிடித்தேன். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது மட்டும் ஒன்பது முறை ஷட்டரை அழுத்தியிருப்பேன். பக்கத்தில் ஒரு குரங்கு யாருடைய வடையையோ பிடுங்கிப் போனது. அதையும் எடுத்தேன், அதாவது எடுக்கவில்லை.

டிக்கெட் ஊட்டி வரை இருந்தது. குன்னூரிலேயே இறங்கிவிட்டேன். அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுகிறார்கள். டீசலைப் படமெடுக்க நான் வரவில்லை. கணக்கில் இல்லாத லாட்ஜ் செலவு ஒரு இரவுக்கு. பிலிம் வேறு ரோல் ஆயிரத்துக்கு மேல் விற்கிறது. கையில் இன்னும் இரண்டு இருந்தன. அன்று மதியச் சாப்பாடு வர்க்கியும் டீயும்தான். சிக்கனம் என்று ஆரம்பித்து ஆறு வர்க்கி தின்றேன். அந்தச் சூட்டில் அது உதிர்ந்ததைச் சொல்ல ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

மறுநாள் காட்டேரிப் பக்கம் சாலையோரம் ஒரு வளைவுக்குப் போக வண்டி பேசினேன். டிரைவர் அறுநூறு என்றார். திரும்பி வந்ததும் ஆயிரத்து இருநூறு. 'வெயிட்டிங்' என்றார். ரயில் வருகிற நேரம் அவருக்குத் தெரியாதா? குன்னூர்க்காரர் அவர்! இருநூறு குறைத்தார், பெரிய மனசு பண்ணி. போகிறவர்கள் காத்திருப்பையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆனால் அந்த வளைவு! முதலில் சத்தம்தான் வந்தது. இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு போதும். கல்லாறு தாண்டி, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடத்தில், மற்ற இரண்டும் சேர்ந்து தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்வரிசையைக் கவ்வும் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. 1899-இல் இந்தப் பாதை திறந்தபோதும் இதே பல்தான். ஏறும்போது எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது. அதனால் முதலில் வருவது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கையில் கொடியோடு நிற்கிறார். பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னே பாதை தெரியாதே, அந்தக் கொடிதான் அவருக்குக் கண். எஞ்சினைப் படமெடுக்க முன்பெட்டியில் உட்கார்ந்து வளைவுக்குக் காத்திருப்பதும், பின்பெட்டியில் நின்று தலையை நீட்டுவதும் ஒன்றல்ல. முன்பெட்டிதான் சரி.

கறுப்பு-வெள்ளை பிலிமில் எடுப்பவர்களுக்கு ஒரு தலைவலி: இங்கே எஞ்சினே நீலம். லென்ஸ்முன் வண்ண பில்டர் போடாவிட்டால் அது வெளுத்த சாம்பலாக விழும். கரிய எஞ்சின், வெள்ளை நீராவி என்று கனவு கண்டவனுக்கு ஏமாற்றம். சிவப்பு பில்டர் போட்டால் நீலம் நன்றாகக் கறுக்கும், ஆனால் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஏழு பங்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும். அன்று மேகமூட்டம், கையில் 400 வேக பிலிம். அவ்வளவு விழுங்காத மஞ்சளுக்கு இறங்கினேன். ஒன்று மட்டும் வாய்த்தது. குளிர்ந்த ஈரக் காற்றில் நீராவி உடனே கலையாமல் மரங்களுக்குமேல் தொங்கியது. நல்ல வெயிலில் அது கிடைக்காது.

நேற்று பிலிமைக் கழுவிக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டேன். மொத்தம் உருப்படியானது பதினொன்று. அதில் பிடித்தது எஞ்சின்கூட இல்லை, பிரேக்ஸ்மேன். மேடைக் கம்பியில் சாய்ந்து, கை நீட்டிக் கொடி பிடிக்கிறார், முகம் பின்னால் திரும்பியிருக்கிறது. தம்பி பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்ன கொடிண்ணே, பச்சையா சிவப்பா?"

இரண்டுமே பிலிமில் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். எனக்கும் ஞாபகமில்லை.