அத்திட்டிய கொட்டகை: பெயின்ட் அடித்த நாட்கள்

பெப்ரவரி 2, 2025, ஞாயிறு

விமானத்தின் உடலைப் பொலித்தீன் கூடாரத்துக்குள் தள்ளியாகிவிட்டது. அலுமினியத்தை மினுக்கி, பெயின்ட் இல்லாமல் அப்படியே விடலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். இரத்மலானை உப்புக் காற்றில் அது நடக்கிற காரியமா?

பெயின்ட் அடிக்க வருபவர் கல்கிசைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் நானா. வேன், கார் என்று நிறைய அடித்தவர், கை சுத்தம். மாஸ்க் பற்றிக் கேட்டேன். "லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடிச்ச ஆள் தம்பி நான். இப்ப கார்பன் மாஸ்க் இருக்கு. வாசம் வரல்லன்னா என்ன பிரச்சினை?"

பிரச்சினையே அந்த வாசம்தான். 2கே என்பது இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் பெயின்ட். அதை இறுக வைக்கும் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற இரசாயனம். மூக்குக்குத் தெரியவரும் முன்பே அது ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் எச்டிஐ என்ற ஐசோசயனேட் வகைக்கு வைத்திருக்கும் வரம்பு, காற்றில் பில்லியனுக்கு 5 பங்கு. தின்னர் நெடியைக் கார்பன் பிடித்துவிடும், சரி. ஆனால் அந்தக் கார்பன் தீர்ந்து ஐசோசயனேட் உள்ளே வரத் தொடங்கினால் யார் சொல்லுவது?

பெப்ரவரி 5, புதன்

போபால் என்றதும் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1984இல் அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். நம் டின்னில் இருப்பது அது இல்லை, அந்த அளவுக்கு ஆவியாகவும் செய்யாது. ஆனால் ஒரே குடும்பம். ஸ்பிரே கன்னில் இருந்து பொடித் துளியாகக் கிளம்பி நேரே நெஞ்சுக்குள் போகிறது. தோலில் பட்டாலும் உடம்புக்கு அது ஒவ்வாமல் போகலாம். ஒருமுறை அப்படிப் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். அப்படி ஆன பெயின்டர் தொழிலையே விட வேண்டியதுதான்.

முகத்தோடு இறுகும் மாஸ்க் நானாவுக்குச் சரிவராது, தாடி இருக்கிறது. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் எவ்வளவு விலையான மாஸ்க்கும் ஒழுகும். தாடியை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னாலும் அவர் எடுக்கமாட்டார். அதனால் தலையை முழுதாக மூடும் ஹூட். வெளியே நிற்கும் புளோவர் நீளக் குழாயால் நல்ல காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே அமுக்கம் கொஞ்சம் கூடவாக இருப்பதால் கழுத்தடியால் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது.

கன்னுக்குக் காற்றுத் தரும் கம்பிரசரில் இருந்தே ஹூட்டுக்கும் ஒரு குழாய் எடுத்தால் என்ன என்று மாமா கேட்டார். எண்ணெய் போட்டு ஓடும் கம்பிரசர் அது. எண்ணெய்ப் புகையும், சூடேறினால் கார்பன் மொனொக்சைட்டும் வரலாம். வேண்டாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று நாடே இருண்டது. பதினொன்றரை மணியளவில் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்று அமைச்சர் சொன்னாராம். பின்னேரம் முழுக்க ஊர் அதைச் சொல்லித்தான் சிரித்தது.

அந்த நேரம் நானா ஹூட்டோடு கூடாரத்துக்குள் சுக்கானுக்கு பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்துக்கொண்டிருந்தார். புளோவர் இரைச்சல் சட்டென்று நின்றது. ஆனால் கம்பிரசர் தாங்கியில் அமுக்கம் இருந்தது, கன் நிற்கவில்லை, பீச்சிக்கொண்டே இருந்தது. எந்தப் பெயின்டருக்கும் "இந்த ஒரு இழுவையை முடித்துவிட்டுப் போவோம்" என்றுதான் கை போகும். காலையிலேயே பேசி வைத்திருந்தோம்: சத்தம் நின்றால் கன்னைத் தொங்கவிட்டு வெளியே வருவது, வாசலைத் தாண்டும்வரை ஹூட்டைத் தொடுவதில்லை. நானா அப்படியே வந்தார். வெளியே வந்து ஹூட்டைக் கழற்றியதும் அவர் கேட்டது, "பாதியில் விட்ட கோடு வெளியே தெரியுமா தம்பி?" என்று. தெரியும். தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

அந்த பிரைமர் குரோமேட் இல்லாத எபொக்சி. விமானங்களுக்குக் காலங்காலமாக அடித்த குரோமேட் பிரைமர் துருவை நன்றாகவே தடுக்கும், ஆனால் அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயைத் தரும். கொட்டகைக்குள் அந்தத் தூளோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. கூடாரத்துப் பக்கமே போகவில்லை. ஜெனரேட்டர் இரவல் வாங்கலாம் என்கிறார் மாமா. வாங்கலாம், ஆனால் அதன் புகை புளோவரின் வாய்க்குப் போனால் நானாவுக்கு நாமே விஷம் ஊட்டிய மாதிரி.

பெப்ரவரி 15, சனி

முதல் வெள்ளைக் கோட். காலை ஏழுக்கே தொடங்கினோம், வெயில் ஏறினால் கலந்த பெயின்ட் கன்னுக்குள்ளேயே தடிக்கத் தொடங்கிவிடும். காற்றாடியைக் கூடாரத்துக்கு வெளியே வைத்து, வடிகட்டி வழியாக உள்ளே தள்ள விட்டோம். அழுக்குக் காற்றை இழுக்கும் பக்கம் வைத்தால் மோட்டரின் பொறி தின்னர் ஆவியில் பிடிக்கும். வெளியேறும் வாயை நிலமட்டத்தில் வெட்டினோம், அந்த ஆவி கனமானது. அந்த வாயிலும் வடிகட்டி. பக்கத்து போர்டிங் பிள்ளைகளிடம் ஜன்னலை மூடி, கொடியில் காயும் துணியையும் எடுக்கச் சொல்லியிருந்தேன்.

பாதியில் நானா கையைத் தூக்கினார். ஹூட்டுக்குள் பெற்றோல் புகை மணக்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் புளோவருக்குப் பக்கத்தில் ஒருவர் த்ரீவீலரை ஸ்டார்ட் பண்ணி நிறுத்திவிட்டு போனில் கதைத்துக்கொண்டிருக்கிறார்! புளோவர் எதையும் சுத்தம் செய்வதில்லை, தன் வாயருகில் இருப்பதைத்தான் அனுப்பும். இப்போது அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

உடலும் வாலும் முடிந்தன. அடித்து முடித்ததும் ஹூட்டைக் கழற்றும் ஆசை எல்லோருக்கும் வரும், அந்த உடுப்புக்குள் அப்படி ஒரு வேக்காடு. காற்றில் நிற்கும் பெயின்ட் துளிகள் அடங்கும்வரை நானா அதைக் கழற்றவில்லை. முழுதாக இறுகாத பெயின்டைத் தேய்க்கும் தூளும் நல்லதில்லை, அதனால் அடுத்த வாரம்வரை யாரும் உரைதாள் தொடக்கூடாது.

மிச்சம் இருந்த ஹார்ட்னர் டின் ஒன்றின் மூடி உப்பியிருக்கிறது. நம்மூர் ஈரம் உள்ளே போய்விட்டது. தண்ணீரோடு சேர்ந்தால் ஐசோசயனேட் கார்பன் டையொக்சைட்டை விடும், இறுக்கி மூடினால் டின் வெடிக்கவும் கூடும். மூடியைத் தளர்த்தி வெளியே நிழலில் வைத்திருக்கிறேன்.

இறக்கைகள் இப்போதைக்கு இல்லை. மார்ச் தொடக்கத்தில் நோன்பு. தண்ணீர் குடிக்காத மனிதரை அந்த உடுப்புக்குள் நிறுத்த முடியாது. பெருநாள் முடிந்து ஏப்ரலில் பார்ப்போம் என்று நானா சொன்னார். அப்போது பின்னேரங்களில் இடி மழை, காலையில் மட்டும்தான் அடிக்கலாம்.