ஈரக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கடைசியில் நான் தேடிய புகைப்படம் கிடைத்துவிட்டது. துளிகள் கூர்மையாக நிற்கின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் முகம் முகமாகத் தெரிகிறது, ஆனால் இன்னாரென்று யாராலும் சொல்ல முடியாது. கத்தரிப்பூ நிறப் புடவை அதே நிறத்தில் விழுந்திருக்கிறது. இந்த மூன்றும் ஒரே படத்தில் வேண்டும் என்றுதான் போன மழைக்காலத்திலிருந்து சென்னையின் மின்ட் தெருவையும் என்.எஸ்.சி. போஸ் சாலையையும் பாண்டி பஜாரையும் சுற்றிக்கொண்டிருந்தேன். ஈரக் கண்ணாடி வழியாக எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு கைக்கு வரும்போது மூன்றாவது நழுவிவிடும். எனக்கு மூன்றும் வாய்த்திருக்கிறது. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பித்தைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் சால் லைட்டர். 1923-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை யூத சமயநூலான தால்முத்தில் அறிஞர். மகனும் சமயப் பணிக்கே வருவான் என்று வீடு எதிர்பார்த்தது. மகன் 1946-இல் சமயப் படிப்பை விட்டுவிட்டு, ஓவியனாவதற்காக நியூயார்க் வந்துவிட்டார். 1952-இல் கிழக்கு 10-ஆம் தெருவில் குடியேறி, 2013-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பிழைப்புக்கு ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற இதழ்களுக்கு ஃபேஷன் படங்கள். தனக்காக எடுத்த வண்ண ஸ்லைடுகள் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. 2006-இல் 'எர்லி கலர்' தொகுப்பு வெளிவந்தபோது அவருக்கு 80 வயது கடந்துவிட்டது. தன்னைப் பற்றிப் பேசுவதில் அவ்வளவு கூச்சம் அவருக்கு. கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிற என்னைப் போன்றவனுக்கு, இப்படி ஒரு மனிதர் நகரத்தின் நடுவிலேயே இத்தனை ஆண்டுகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதே பெரிய தைரியம்.

அவரைப் பார்த்துவிட்டு, அவர் யாரைப் பார்த்தார் என்று தேடப் போனேன். அதுதான் எனக்கு உண்மையான பாடம். பொன்னார், வுய்யார் என்ற இரண்டு பிரெஞ்சு ஓவியர்கள். வுய்யாரின் அறைகளில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணின் உடையும் பின்னால் இருக்கும் சுவர்த்தாளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எது பெண், எது சுவர் என்று கண் ஒரு கணம் தடுமாறும். பொன்னார் ஓர் ஆளைச் சட்டகத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டிவிடத் தயங்குவதில்லை. பிறகு ஜப்பானிய மர அச்சுப் படங்கள். ஹிரோஷிகே 1857-இல் செய்த பாலத்து மழைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாலத்தில் ஓடுகிறவர்கள் குடைக்கும் தொப்பிக்கும் பாய்க்கும் கீழே ஒளிந்திருக்கிறார்கள், ஒரு முகமும் சரியாகத் தெரியாது. ஆனாலும் அத்தனை பேரும் நனைகிறார்கள் என்பது நமக்கு உறைக்கிறது. லைட்டர் 1958-இல் எடுத்த 'கேனபி' படத்தில் மேல்பகுதி முழுக்கக் கடைப்பந்தலின் கறுப்பு. கீழே மிஞ்சிய கீற்றில்தான் பனி விழும் தெரு. இதைப் புகைப்படக்காரரின் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். மர அச்சுகளைப் பார்த்த பிறகு, ஓவியர் ஒருவர் கேமராவைத் தூக்கியதால் வந்தது இது என்று புரிந்தது.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். இதைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குத் தீராது.

நியூயார்க் குளிர்காலத்தில் ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். உள்ளே கணப்பும் காப்பி ஆவியும், வெளியே உறைகுளிர். சென்னையில் எல்லாம் தலைகீழ். உள்ளே ஏசி, வெளியே ஈரக்காற்று. ஆகவே துளிகள் வெளிமுகத்தில் உட்காருகின்றன. மழைக்காலத்து இரவுகளில் இங்குள்ள காற்று 24 டிகிரி அளவிலேயே ஈரத்தை நீராகக் கொட்டத் தொடங்கிவிடும். கண்ணாடியின் வெளிமுகம் அதற்குக் கீழே குளிர்ந்தால் போதும். அறை முழுக்கக் குளிர்ந்திருந்தாலும் பல கடைகளில் இது நடப்பதில்லை. ஏசியின் காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்க வேண்டும். கண்ணாடி ஒற்றை அடுக்காக இருக்க வேண்டும். இரட்டை அடுக்குக் கண்ணாடி போட்ட புதிய கடைகள் நமக்கு உதவாது. பழைய இனிப்புக் கடைகள், நகைக் கடைகளின் பக்கவாட்டுக் கண்ணாடி, சில மருந்துக் கடைகள் இவைதான் நம்முடைய இடங்கள். மழை பெய்து ஓய்ந்த அந்தி நேரம் எல்லாவற்றிலும் சிறந்தது.

ஈரத்துக்கும் பருவங்கள் உண்டு. முதலில் மெல்லிய சாம்பல் படலம். இதில் எடுத்தால் வெறும் மங்கல்தான் வரும். பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். கடைசியில் கனம் தாங்காமல் ஒன்று வழியும், வழிந்த தடத்தில் மட்டும் கண்ணாடி தெளிவாகும். அந்தத் தடங்கள்தான் நமக்கு வேண்டியவை. அவற்றின் வழியே உள்ளிருக்கும் நிறம் கலப்பில்லாமல் வரும். மற்ற இடங்களில் அதே நிறம் கரைந்து பரவும். இந்த நிலை வந்தவுடன் கடைப் பையன் துணியோடு வந்துவிடுவான் என்பது வேறு விஷயம். அவன் துடைத்த அரைவட்டத்தையும் வைத்துக்கொண்டு நல்ல படங்கள் எடுத்திருக்கிறேன்.

ஃபோகஸ் எதில் வைப்பது என்பதுதான் பெரிய வழக்கு. பலர் ஆள்மீது வைக்கச் சொல்கிறார்கள். நான் துளிமீதுதான் வைப்பேன். ஆள்மீது வைத்தால் துளிகள் வெளிச்ச வட்டங்களாக ஊதிப்போய், எல்லா ஊரிலும் எடுக்கிற அழகுப்படம் ஆகிவிடும். துளியில் வைத்தால் கண்ணாடி ஒரு பொருளாக நிற்கிறது, ஆள் நிறமாக மாறுகிறார். ஆனால் எந்த அளவு மாற வேண்டும்? இங்கேதான் நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.

என்னிடம் இருப்பது பழைய சூப்பர் டாகுமார் 135 மி.மீ. லென்ஸ், எஃப் 3.5. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஃபோகஸுக்கு வெளியே இருப்பது அதிகம் மங்கும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எம்42 அடாப்டர் வழியாகப் போடுகிறேன். ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே அது ஃபோகஸ் ஆகாது. எனக்கு அது குறையாகப் படவில்லை, தள்ளி நிற்கத்தானே போகிறேன். கண்ணாடியிலிருந்து இரண்டரை மீட்டரில் நின்று, எஃப் 5.6 வைத்து, துளியில் ஃபோகஸ் செய்யுங்கள். ஆள் கண்ணாடிக்குப் பின்னால் அரை மீட்டரில் இருந்தால் கண்ணும் மூக்கும் இருக்கிற இடம் தெரியும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரியாது. இரண்டு மீட்டர் பின்னால் போனால் மனித உருவம் மட்டும் மிஞ்சும். எஃப் 3.5-இல் முழுக்கத் திறந்தால் அரை மீட்டரிலேயே முகம் கணிசமாகக் கரையத் தொடங்கும். எஃப் 11-க்கு மூடினால் எல்லாம் தெளிவாகி, ஈரத்தின் பயனே போய்விடும். ஆகவே எஃப் 5.6, அரை மீட்டர். அதாவது கண்ணாடியை ஒட்டிப் போட்ட மேசை உள்ள கடைதான் வேண்டும். இது பிடிபட்ட பிறகு நான் ஆட்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு மேசைகளைத் தேட ஆரம்பித்தேன்.

ஆட்டோஃபோகஸை நம்பாதீர்கள். ஈரத்துக்கும் ஆளுக்கும் நடுவே அது முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். விளிம்பை நிறம் காட்டும் பீக்கிங் வசதியோ துளிகளை மிகச் சரியாகப் பிடிக்கும். திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் பூத்தவுடன் அழுத்தலாம்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸ் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பகலொளிக்கான 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். லைட்டர் பயன்படுத்திய பகலொளி ஸ்லைடு ஃபிலிம் தெருவிளக்கையும் கடைவிளக்கையும் சமன் செய்து தரவில்லை, மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிட்டது. கேமராவை அதன் போக்கில் விட்டால் இனிப்புக் கடையின் தேன்நிற வெளிச்சத்தை வெளுத்து, அந்திநீலத்தையும் சாம்பலாக்கிவிடும். காலாவதியான ஃபிலிமில் எடுத்து, அது தந்த எதிர்பாராத நிறங்களையும் அவர் விரும்பி ஏற்றுக்கொண்டார். அந்த நிறங்களைக் கணினியில் போலி செய்யும் ஃபில்டர்களை நான் தொடுவதில்லை. கடையில் இருக்கிற நிறமே போதும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் கேமராவை ஜிப் உறையில் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள். கேமரா வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை திறக்கக் கூடாது. பூஞ்சை இன்னும் கொடிய எதிரி. பழைய லென்ஸ் வாங்கும்போது கைபேசி விளக்கைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளர் 'மிகத் தெளிவு' என்று அனுப்பிய ஜூபிடர் 9 என்ற 85 மி.மீ. லென்ஸின் உள்ளே வெள்ளை நூல்கள் படர்ந்திருந்தன. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ரிச்சி தெருவில் சிறிய ஈரமானி கிடைக்கிறது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி மூன்றும் இருந்தால், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் விலையுயர்ந்த டிரை கேபினெட் வாங்கும்வரை சமாளிக்கலாம். ஈரமானி 40 சதவீதத்துக்கும் 45 சதவீதத்துக்கும் நடுவே காட்டட்டும்.

நம் நாட்டு நகரங்களை வண்ணத்தில் எடுக்கிறவன் லைட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கைப் பார் என்றார். பார்க்காமல் இருப்பேனா? 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-இல் நியூயார்க்கில் மறைந்த அவர், இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க முடியும் என்று உறுதியாக இருந்தவர். அம்பாசடர் காரின் கதவையும் ஜன்னலையும் கண்ணாடியையும் சட்டகமாக்கி அவர் எடுத்த படங்கள் அவர் இறந்த பிறகு, 2002-இல் தொகுப்பாக வந்தன. அவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு படத்துக்குள் ஏழெட்டு நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் தன் இடத்தில். அந்த நெருக்கத்துக்குள் இறங்கி நிற்கிற மனிதருக்கு ஊரோடு பேசத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தக் குணம் இல்லை. வியக்கிறேன், ஆனால் அந்த வழியில் போக மாட்டேன்.

என் வழி எது என்பது இந்தப் படத்தில்தான் எனக்குத் தெளிவானது. சென்னை சத்தமான ஊர் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பூக்கடைப் பக்கம் ஒரு மாலை நின்று பாருங்கள். அத்தனை நெரிசலிலும் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மறைப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டவர், குடைக்குள் கைபேசியில் பேசுகிறவர், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே முகமே நீலமாகிப்போன பழவண்டிக்காரர், பஸ் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்திருப்பவர். நகரம் நம்மிடம் எவ்வளவோ பிடுங்கிக்கொள்கிறது. யாரும் கவனிக்காமல் இருக்கிற உரிமையை மட்டும் திருப்பிக் கொடுக்கிறது. ஊரில் என் அத்தையால் வாசலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது, யாராவது வந்து ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டுவிடுவார்கள். இங்கே அந்த இனிப்புக் கடை அம்மாள் ஒரு பாதுஷாவை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் தனியாக இருந்தார். அந்தத் தனிமையை என் படம் கலைக்கக் கூடாது. முகத்தைத் துல்லியமாக எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தால், அவர் தேடிக்கொண்ட இடத்தை நான் பறித்ததாகும். ஈரக் கண்ணாடி அவரையும் காக்கிறது, என்னையும் காக்கிறது. நடைபாதையில் நிற்பதற்கு வாசற்காவலர் அண்ணனிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். கேமராத் திரையில் படத்தைக் காட்டியபோது, ஆளே தெரியவில்லையே என்றார். நான் பெற்ற பாராட்டுகளில் அதுதான் சிறந்தது.

இந்த வரிசை முடிவதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது. லைட்டரின் 'த்ரூ போர்ட்ஸ்' 1957-இல் எடுத்தது: மேலும் கீழும் இருட்டுப் பலகை, நடுவே ஒரு கீற்றில் மட்டும் தெரு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ், பனகல் பூங்கா, வடபழனி என்று எங்கு பார்த்தாலும் தகரத் தடுப்புகள். ஊரே முணுமுணுக்கிறது, நானோ அவற்றின் இடைவெளிகளை அளந்துகொண்டிருக்கிறேன். இரண்டு தகடுகள் சேருமிடத்தில் விரலளவு பிளவு இருந்தால், லென்ஸைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, தகட்டின் விளிம்பை மங்கவிட்டு, அப்பால் போகிற ஆட்டோவின் மஞ்சளைப் பிடிக்கலாம். 135 மி.மீ. லென்ஸ் இதற்குச் சரிவருமா, 85 வேண்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை. பாதசாரிகளுக்கு விட்டிருக்கிற வழி குறுகலாக இருப்பதால் பின்னால் போக இடமில்லை, ஆகவே 85 பக்கம்தான் மனம் சாய்கிறது. பூஞ்சை பிடித்த ஜூபிடரைச் சுத்தம் செய்யத் திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். லென்ஸின் மேற்பூச்சு பிழைத்தால் அதுவே.

அதற்கு முன் இந்தப் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட வேண்டும். பளபளப்புத் தாளில் சோதனை போட்டுப் பார்த்தேன். துளிகள் எல்லை மீறி மின்னிப் பின்னால் இருக்கும் முகத்தைத் தின்றுவிடுகின்றன. பளபளப்பில்லாத மேட் தாளில் கத்தரிப்பூ நிறம் சற்று அடங்கினாலும் முகம் மேலே வருகிறது. பருத்தித் தாளில், தாளின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், நிறத்தைத் தாங்களாகத் திருத்தாமல் அச்சிட்டுத் தருகிறவர்கள் சென்னையில் இருந்தால் சொல்லுங்கள். கோப்பை அப்படியே அச்சிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அது முக்கியம்.