செங்கல் பொடியும் நான் பார்க்காத கடைசி செட்டும்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், தெருவே அவரை சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) தாத்தா என்றுதான் கூப்பிடும். அவரிடம் போய் பாரிஸில் நடக்கிற டென்னிஸ் போட்டியை பிரெஞ்சு ஓப்பன் என்று சொல்லிவிட முடியாது. "ரோலான் காரோஸ்னு சொல்லு தம்பி" என்பார். அது டென்னிஸ் சாம்பியன் பெயரும் இல்லை. 1913ல் மத்தியதரைக் கடலை விமானத்தில் தாண்டி, 1918ல் போரில் செத்துப்போன விமானி. 1928ல் கட்டிய ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

நம் பேப்பர்களில் 'களிமண் தரை' என்று எழுதுகிறார்களே, அதில் களிமண் எங்கே இருக்கிறது? மேலே தெரிகிற சிவப்பு, செங்கலை இடித்துத் தூவிய பொடி, அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அடியில் சுண்ணாம்புக்கல் தூள், அதற்கும் கீழே கரிக்கசடு, ஜல்லி. பந்து விழுந்ததும் வேகம் குறைந்து உயரமாக எழும்பும், ஒரே அடியில் பாயிண்ட் எடுப்பது கஷ்டம், திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். அதில் நடால் 14 தடவை ஜெயித்தார் என்றால் சும்மாவா.

சரி, 2025 ஜூன் 8. நம் நேரத்துக்கு சாயங்காலம் ஆறரைக்குமேல் ஆரம்பித்த ஃபைனல், தாத்தா வீட்டு வராந்தாவில் டிவியை இழுத்து வைத்துப் பார்த்தோம். சின்னரும் அல்கராஸும் மோதினார்கள், மூன்று செட் எடுப்பவருக்குக் கோப்பை. அந்தத் தொடரில் அதுவரை ஒரு செட்கூட விடாத சின்னர் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டார், அல்கராஸோ இரண்டு செட் பின்தங்கி அதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. மூன்றாவதை எப்படியோ பிடித்தார். நாலாவதில் 3-5, தன் சர்வீஸிலேயே 0-40, சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதில் ஒன்றை எடுத்தாலே கோப்பை. முடிந்தது கதை என்று சேரை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன், காலையில் வேலைக்குப் போக வேண்டுமே. தாத்தா தடுக்கவும் இல்லை. 1984ல் இதே ஃபைனலில் மெக்கன்ரோ இரண்டு செட் முன்னால் இருந்து லெண்டிலிடம் தோற்றதைப் பார்த்த மனுஷன், அவர் எப்படி எழுந்திருப்பார்?

நள்ளிரவு தாண்டி எதிர்வீட்டில் ஒரு சத்தம், தெருநாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன. போனை எடுத்துப் பார்த்தால் அல்கராஸ் ஜெயித்திருந்தார், 4-6, 6-7, 6-4, 7-6, 7-6. ஐந்து மணி 29 நிமிஷம், அங்கே நடந்த ஃபைனல்களிலேயே நீளமானது. கடைசி செட் 6-6 ஆனதும் ஆடிய டைபிரேக் 10-2!

காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த தாத்தா மேட்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நல்லா தூங்கினியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.