பழி ஓரிடம்

நான்கு அங்குல நீளமுள்ள சிவப்பு வயர். இரு முனைகளிலும் உறையை உரித்து, செம்பு இழைகளை முறுக்கி, பேனலுக்குள் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே நான்தான் பொருத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பராமரிப்புப் பிரிவில் மின்பணியாளனாகச் சேர்ந்து அப்போது எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். பவர் பிரஸ்ஸைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே ஒரு டை, அதாவது இரும்பு அச்சு; கீழே ஒரு டை. நடுவில் தகட்டை வைத்தால் மேல் டை இறங்கி அழுத்தும். தகடு வேண்டிய வடிவத்துக்கு வந்துவிடும். இடையில் இருப்பது தகடா, விரலா என்று டைக்குத் தெரியாது. அதனால் எங்கள் பிரஸ்ஸில் இரண்டு காவல்கள் இருந்தன. ஒன்று, இரு கைகளாலும் சேர்ந்து அழுத்த வேண்டிய பொத்தான்கள். ஒன்றை அழுத்திய அரை விநாடிக்குள் மற்றதையும் அழுத்தாவிட்டால் இயந்திரம் அசையாது. ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு மறு கையால் வேலை பார்க்கும் தந்திரம் அதில் பலிக்காது. மற்றொன்று ஒளித்திரை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாகக் குறுக்கே ஓடும். கை அவற்றை மறைத்தால் பிரஸ் நின்றுவிடும். தகட்டைக் கையில் பிடித்தபடியே செய்யும் வேலைகளுக்குக் கால் பெடலுக்கு மாற்றிக்கொள்வார்கள். அப்போது பொத்தான்களின் காவல் இல்லை. ஒளித்திரை ஒன்றுதான் துணை.

ஒன்றுதான் என்பது அன்று அங்கிருந்த எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

மாதக் கடைசி, இரண்டாவது ஷிப்ட். ஒளித்திரையைத் தாங்கும் இரும்புத் தாங்கியில் விரிசல் விழுந்திருந்தது. பிரஸ் அதிரும்போதெல்லாம் அதுவும் ஆட, கதிர் விலகி, யாரும் கை வைக்காமலேயே இயந்திரம் நின்றது. பத்து முறை அழுத்துவதற்குள் ஒரு முறை நின்றால் உற்பத்தி எப்படி நடக்கும்? புதிய தாங்கி கேட்டு நான்கு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். வரவில்லை. பழையதைப் பற்றவைத்துக் கதிரை நேராக்க இரண்டு மணி நேரம் வேண்டும். உற்பத்திச் சூப்பர்வைசர் என் தோளில் கை வைத்து, “இந்த ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டிவிடுவோம், காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது.

கதிர் மறைந்தாலும் பிரஸ் நிற்காதபடி அந்த வயரைப் பொருத்தியதைவிட மோசமான ஒன்றை ஷிப்ட் முடியும்போது செய்தேன். பதிவேட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றேன். “ஒளித்திரை பைபாஸ் செய்யப்பட்டுள்ளது” என்று எழுதினால் காலையில் கேள்வி வரும். “ஒளித்திரை சரிபார்க்கப்பட்டது, இயந்திரம் ஓடுகிறது” என்று எழுதினேன். அந்த வரியின் கையெழுத்து மிகத் தெளிவாக இருந்தது. மறுநாள் எனக்கு வார விடுமுறை. காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தது நினைவாகவே நின்றது.

அதற்கு மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்கிய முதல் மணி நேரத்தில், அந்தப் பிரஸ்ஸை இயக்கிய தம்பியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பணியில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத பையன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, இயந்திரத்தைச் சோதிக்க என்னையே அனுப்பினார்கள். பேனலைத் திறந்தேன். நான் வைத்த இடத்திலேயே வயர் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்ல நாக்கு வருவதும் இல்லை.

விசாரணைக் குழு வந்து ஒளித்திரையைச் சோதித்தது. கோலை நீட்டினார்கள், பிரஸ் நின்றது. மூன்று முறையும் நின்றது. ஆகவே, கதிர் எட்டாத பக்கவாட்டிலிருந்து கையை விட்டிருக்க வேண்டும், இயக்குபவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் சட்டைப் பையில் இருந்தது.

பதினொரு நாட்கள் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவனைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, அது பொய். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். “முன்னால்தான் கையை வைத்ததாக ஞாபகம் அண்ணா. ஆனால் எல்லாரும் பக்கவாட்டில் விட்டிருப்பாய் என்கிறார்கள். அப்படித்தான் இருக்கும். தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும்” என்றான். இடது கையை நீட்டி, மேசை விளிம்பைப் பிரஸ்ஸாக எண்ணி, எப்படி வைத்திருப்பேன் என்று எனக்கு இரண்டு மூன்று விதமாகச் செய்து காட்டினான். தன் நினைவையே சந்தேகிக்கும் அளவுக்கு அவனைக் கொண்டுவந்திருந்தோம். விரல்களை எடுத்தது இயந்திரம். இதை எடுத்தது நான்.

அவனைப் பார்த்துவிட்டு வந்த பிறகான இரவுகளில் தூக்கம் வராமல் விபத்துகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பாப் எபெலிங் என்ற பொறியாளரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சாலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று 1986 ஜனவரி 27 அன்று அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். மேலிடம் கேட்கவில்லை. மறுநாள் ஏவப்பட்ட 73 விநாடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். எச்சரித்தவர் எபெலிங். ஆனாலும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று 30 ஆண்டுகள் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டார். 2016 ஜனவரியில் அவர் வானொலியில் மனம் திறந்து பேசியதைக் கேட்டு நூற்றுக்கணக்கானோர் கடிதம் எழுதினார்கள். அன்றைய விவகாரத்தில் நேரடியாக இருந்தவர்களும், நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய பாரம் குறைந்தது. அந்த மார்ச் மாதமே, 89 வயதில், காலமானார்.

இதைப் படித்ததும் ஆறுதல் வரவில்லை, உடல் நடுங்கியது. தவறே செய்யாத ஒருவர் 30 ஆண்டுகள் சுமந்திருக்கிறார். அதை இறக்கிவைக்கும் சொல், அன்று நடந்தது என்ன என்று தெரிந்தவர்களிடமிருந்து வரவேண்டியிருந்தது. அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய சொல் உலகத்திலேயே ஒருவனிடம்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மேலாளரின் மேசையில் வயரை வைத்தேன். பிறகு நடந்தவை நடக்க வேண்டியவைதான்: பணியிடை நீக்கம், பதவி இறக்கம். அவற்றைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் திருத்தி எழுதிய அறிக்கையிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. முன்பு அவன் பெயர், இப்போது என் பெயர். நான்கு மாதங்களாக வராத தாங்கி அதில் இல்லை. ‘இந்த ஒரு ஷிப்ட் மட்டும்’ என்ற சொல்லும் இல்லை. என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நாளைக்கு வேறொரு தாங்கி உடையும், வேறொருவன் தோளில் கை விழும். அதை அந்த அறிக்கை தடுக்காது என்பதால் சொல்கிறேன். விசாரணையில் இதையும் எழுதச் சொல்லிக் கேட்டேன். பழியைப் பங்கு போடப் பார்க்கிறான் என்றார்கள். அப்படித் தோன்றியதற்கு என் பதினொரு நாள் மௌனமே காரணம்.

மேலாளரிடம் சொன்ன அன்று மாலையே அவனிடமும் போய்ச் சொன்னேன். வயர், பதிவேடு, சட்டைப் பை, எல்லாவற்றையும். வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். “அப்படியென்றால் நான் முன்னால்தான் கையை வைத்தேனா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “சரியாகத்தான் வைத்தேனா?” ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் அழுதான். மன்னித்ததாக அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவதாகிவிடும்.

இப்போது அவன் உதிரிபாகக் கிடங்கில் இருக்கிறான். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவைப் பிடித்து எழுதப் பழகிவிட்டான். என்னை அண்ணா என்று கூப்பிடுவதில்லை. வயர் வாங்கப் போனால் அளந்து வெட்டி எடுத்துவைத்துவிட்டு, எந்த இயந்திரத்துக்கு, எதற்கு என்று கேட்பான். நான் சொல்லச் சொல்ல, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வான். பிறகு கையெழுத்துப் போடப் பதிவேட்டை என் பக்கம் திருப்புவான். எழுதியிருப்பதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.