பிச்சைச் சம்பளம் முதல் பெண் தலைமைத்துவக் குடும்பம் வரை

மட்டக்களப்பில் தபாற்கந்தோர் வாசலில் மாதத்துக்கொரு முறை வயதானவர்கள் வரிசையாக நிற்பார்கள். என்ன காரியம் என்று கேட்டால், "பிச்சைச் சம்பளம் எடுக்க வந்தன் மகள்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பொதுசன மாதாந்த உதவிப் பணம் என்பது அதன் அரசாங்கப் பெயர். சிங்களத்தில் ஊர்ச் சனம் அதையே 'பின் படி' என்கிறது, அதாவது புண்ணியச் சம்பளம். காசு ஒன்றுதான். அங்கே கொடுக்கிறவருக்குப் புண்ணியம் சேர்கிறது, இங்கே வாங்குகிறவருக்குப் பிச்சைக்காரப் பட்டம் சேர்கிறது.

சமூக சேவைப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் இந்தச் சொல் விவகாரம் என் மேசைக்குத் தினமும் வரும். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று பயிற்சிகளில் சொல்லித் தருவார்கள். எங்கள் சொந்தப் பெயர்களை மாற்றுவதற்கு மட்டும் எந்தப் பயிற்சியும் தேவைப்பட்டதில்லை. ஊர்த் தலைமைக்காரரான விதானை 1963இல் கிராம சேவகரானார். பிறகு 'சேவகர்' என்பதும் கௌரவக் குறைச்சலாகி கிராம உத்தியோகத்தரானார். பியோன் கே.கே.எஸ்., அதாவது அலுவலக உதவியாளர், ஆனார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சனம் இன்னும் "விதானையாரிட்டக் கடிதம் வாங்கிற்று வாறன்" என்றுதான் சொல்கிறது, அது வேறு கதை.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடைய உரிமைகளுக்கென்றே வந்தது. பழைய கோப்புகளில் 'அங்கவீனர்' என்றிருக்கும். அப்புறம் 'வலது குறைந்தோர்', அதற்குப் பிறகு 'விசேட தேவையுடையோர்'. 'மாற்றுத்திறனாளி' தமிழ்நாட்டில் இருந்து பத்திரிகை வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் வந்து சேர்ந்தது. 2016இல் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியதும் பயிற்சிகள் இன்னும் கூடின. நான் முன்பு இருந்த ஒரு கந்தோரில் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுப் பலகையில் ஏறி இறங்கின. ஆனால் அந்தக் கதவு இருந்ததோ மேல்மாடியில். பொதுக் கட்டடங்களுக்குள் இவர்கள் போய்வர வசதி இருக்கவேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் கீழே மாமர நிழலில் நின்று எனக்குப் போன் எடுப்பார். நான் கோப்பையும் பேனையையும் மையொற்றியையும் தூக்கிக்கொண்டு இறங்குவேன். யாருடையதோ மோட்டார் சைக்கிளின் சீற்றில் கடதாசியை வைத்துக் கையெழுத்து வாங்குவேன். புதிய படிவத்தில் அவருக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று ஒருமுறை கேட்டேன். "பழைய அட்டையில என்ன கிடக்கோ அதையே போடுங்க மிஸ். சொல்லு மாறினா அது வேற ஆளெண்டு காசை நிப்பாட்டிப் போடுவாங்க" என்றார். எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத காரணம், ஆனால் முழுக்க நியாயமானது.

சொற்பட்டியல் தொடாத இடம் ஒன்று இருக்கிறது: வினைச்சொல்லின் வால். ஒரு தாய் தன் மகனோடு வந்திருந்தார். மகனுக்கு முப்பது வயதாவது இருக்கும், பேச்சு இல்லை. "அது தனியச் சோறு தின்னாது மிஸ், நாந்தான் தீத்தணும்" என்று அந்தத் தாய் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை 'அது' என்பது செல்லம்தானே, கைக்குழந்தை முதல் கம்பஸ் போகிற பிள்ளை வரைக்கும். பக்கத்து மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த எழுதுவினைஞர் 'விசேட தேவையுடைய நபர்' என்று பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "அது கையெழுத்து வைக்குமா?" என்றார். அந்தத் தாய் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "அவர் பெருவிரல் வைப்பார்" என்றார்.

அன்று கடைசி வரைக்கும் மகனை 'அவர்' என்றே சொன்னார். எழுதுவினைஞருக்கு ஏதும் உறைத்ததா என்று தெரியாது. கெட்ட மனிதர் இல்லை அவர், பட்டியலில் இருந்த சொல்லைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

பெயரை மாற்றினால் இழிவு போய்விடும் என்பவர்களுக்கு அங்கொடையைக் காட்டலாம். அது கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர், அதில் இழிவாக ஒன்றுமே இல்லை. அங்கே மனநோய் ஆஸ்பத்திரி இருந்ததால் ஊர்ப்பெயரே வசையாகிப் போனது. ஆஸ்பத்திரிக்கு இப்போது தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். இருந்தும் கிழக்கில் ஒருவரை மட்டம்தட்ட "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. 'விசர்' என்ற சொல்லோ எங்கள் வாயில் உப்பு மாதிரி, அது இல்லாமல் கதையே ஓடாது. "விசர்க் கதை கதைக்காத" என்று ஒரு நாளில் எத்தனை தரம் சொல்கிறோம்? அதை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கிளினிக் துண்டோடு வருகிறவர் முன்னால் இருக்கும்போது அதைச் சொல்லக்கூடாது என்று தெரிவதற்குப் பட்டறை வேண்டுமா?

இதையெல்லாம் வைத்து, சொல் மாற்றம் வெறும் பாவனை என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. என்னை அப்படி முடிவுகட்ட விடாதது 'விதவை' என்ற சொல்தான்.

போர் முடிந்த பிறகு தொண்டு நிறுவனங்களும் அரசாங்கமும் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று எழுதத் தொடங்கின. கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது. விதவைக்கு இவ்வளவு நீளப் பெயரா என்றார்கள் எங்கள் கந்தோரிலேயே. ஆனால் என்னிடம் வந்த பெண்கள் எல்லோரும் விதவைகள் இல்லை. 1990இல் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான் சிலருக்குத் தெரியும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. அவர்களிடம் 'விதவை' என்ற கட்டத்தில் சரி போடச் சொன்னால், அந்த ஆள் செத்துவிட்டார் என்று மனைவியின் கையாலேயே எழுதி வாங்குவதாகும். ஒருவர் படிவத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, "உதவி வேணாம் மிஸ்" என்று எழும்பிப் போனார். நீளப் பெயர் வந்த பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட முடிந்தது. "வீட்டை நடத்துவது யார்?" "நான்தான்." அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லலாம், பொய் சொல்லத் தேவையில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் இல்லை என்பதற்கு மட்டும் சான்றிதழ் கொடுக்க வழிசெய்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் தாங்களாக ஒரு சொல்லையும் மாற்றினார்கள். இவர்களைத் தேட அரசாங்கம் அமைத்த அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்று இருக்கிறது. அவர்கள் பிடித்து நிற்கும் பதாகைகளில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று இருக்கும். தானாகத் தொலைந்துபோக அவர் என்ன ஆட்டுக்குட்டியா என்று ஒரு அம்மா கேட்டார். யாரும் பயிற்சி கொடுத்து வந்த சொல் இல்லை அது. இன்று பத்திரிகை, பாராளுமன்றம் எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. மேலிருந்து இறங்கிய சொற்கள் படிவத்தைத் தாண்ட மூச்சுவாங்குவதையும், இது இவ்வளவு தூரம் ஓடியதையும் பார்க்கும்போது, சொல்லைக் கேட்டு வாங்கியது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தேநீர் மேசையில் எங்களில் ஒருவருக்கு வேறு புலம்பல். "இப்ப ஒண்டும் கதைக்க ஏலாது. முந்தி நொண்டி, செவிடு, குருடு எண்டு கூப்பிட்டம், ஆரும் கோவிக்கல்ல." கோவித்தார்களா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் அந்த மேசையில் இருக்கவில்லையே. அம்பாறைக் கரையோரத்தில் வேலை செய்த காலத்தில் முஸ்லிம் சக ஊழியர் ஒருவர் சொன்னது இங்கே பொருந்தும்: "எங்கட ஊட்டுல காக்கா எண்டா மூத்த நானா, அண்ணன். கடைத்தெருவில உங்கட ஆக்கள் காக்கா எண்டு கூப்பிட்டா, மூஞ்சியப் பாத்துத்தான் திரும்புறதா இல்லையா எண்டு முடிவு பண்ணுவன்." அரசாங்கப் பத்திரத்தில் அவர் இலங்கைச் சோனகர். அதையே வெட்டி 'சோனி' என்று யாராவது சொன்னால் சண்டைதான்.

எங்கள் தேநீர் மேசைப் பேச்சு மாறியது பயிற்சியால் இல்லை. அரச வேலைகளில் நூற்றுக்கு 3 இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றுநிருபம் இருக்கிறது. நடைமுறையில் அப்படி வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எங்களுக்கு ஒருவர் வந்தார், அபிவிருத்தி உத்தியோகத்தராக. சின்ன வயதில் போலியோ. வாய் அவருக்குக் கொஞ்சம் நீளம். வயல் வரம்பில் களப்பயணம் போகும்போது "நொண்டியை முன்னுக்கு விடாதீங்கப்பா, பின்னுக்கு வாற ஆக்களுக்கு மழை வந்திடும்" என்று தானே பகிடி விடுவார். எல்லோரும் சிரிப்போம். ஒரு நாள் அந்த முந்திய புலம்பல்காரர் சிரிப்போடு சிரிப்பாக, "வா நொண்டி, டீ ஆறுது" என்று கூப்பிட்டார். இவர் கதிரையை இழுத்து இருந்து, சீனியைக் கலக்கிக்கொண்டே, "அண்ணன், அது நான் சொல்லலாம், நீங்க சொல்லப்படாது" என்றார். "ஏன், ஒரே சொல்தானே?" என்று அண்ணன் விடவில்லை. "உங்கட மனிசியை நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க, நான் கூப்பிட்டாச் சரியா?" என்றார் இவர்.

அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பலகாரம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார், அவருக்கும் கொடுத்தார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.