இரண்டு மா நிலத்தின் பக்க அளவு

மன்னார்குடி வட்டாரத்தில் நாங்கள் படித்த காலத்தில், வீடுகளில் நிலத்தைக் குழி, மா, வேலி என்றே பேசுவார்கள். பன்னிரண்டடிக் கோல் அளவுள்ள சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பதை யாரும் எங்களுக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. முழு வர்க்கமல்லாத எண்களின் வர்க்கமூலத்தை எங்கள் கணித ஆசிரியர் இந்த அளவுகளிலிருந்தே தொடங்கினார். ஒரு மா சதுரமாக அமைந்தால் பக்கம் 10 கோல்; இரண்டு மா சதுரமாக அமைந்தால் பக்கம் எவ்வளவு? 20 கோல் என்றவர்களுக்கு, அது நான்கு மா ஆகிவிடும் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டிவிட்டு, 200-இன் வர்க்கமூலத்தை மதிப்பிடச் சொன்னார்.

14-இன் வர்க்கம் 196. 15-இன் வர்க்கம் 225. இடையில் உள்ள 29 குழியில் நமக்கு வேண்டியவை 4. ஆகவே பக்கம் 14-உடன் 29-இல் 4 பங்கு, அதாவது ஏறத்தாழ 14.138 கோல். பாடம் இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அவர், "விடையை மட்டும் சொன்னால் போதாது, அது கூடுதலா குறைச்சலா, அதையும் சேர்த்துச் சொல்லு" என்பார். அந்தக் கேள்விதான் என் மனத்தில் மதிப்பீட்டையும் ஊகத்தையும் பிரித்து வைத்தது.

குறைச்சல் என்பதற்கு அவர் தந்த விளக்கம் இன்றும் எனக்கு நிறைவளிக்கிறது. 14 கோல் சதுரத்தின் இரண்டு பக்கங்களில் மண்ணைச் சேர்த்துக்கொண்டே போனால், முதலில் சேரும் குழி 28 கோல் நீளத்தில் பரவுகிறது. 15 கோலை நெருங்கும்போது சேரும் குழியோ ஏறக்குறைய 30 கோல் நீளத்தில் பரவ வேண்டியிருப்பதால், பக்கத்தை அதைவிடக் குறைவாகவே நீட்டுகிறது. எல்லாக் குழிக்கும் சம நீட்சி என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் குழிகளுக்கு உரியதைக் குறைத்துவிடுகிறோம்.

மறுபுறத்திலிருந்து வருவதற்குச் சராசரி முறை. 200-ஐ 14-ஆல் வகுத்தால் 14.2857, அதற்கும் 14-க்கும் சராசரி 14.1429, அதாவது 14-உடன் ஏழில் ஒரு பங்கு. இம்முறை எப்போதும் மிகையாகவே முடியும். மெய்யான பக்கம் 14.1421 கோல். முதல் மதிப்பு அரை அங்குலத்துக்குச் சற்று மேலாகக் குறைகிறது. இரண்டாவது, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. வரப்பின் அகலத்தோடு ஒப்பிட்டால் இரண்டுமே பொருட்டல்ல.

பெஷாவர் அருகே 1881-இல் கிடைத்த, மரப்பட்டையில் எழுதப்பட்ட பழைய கணித நூலான பக்ஷாலி சுவடியிலும் இதே முறை வருகிறது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அதில் கூடுதலைக் குறைக்கும் வழியும் உண்டு: சேர்த்த ஏழில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தி, கிடைத்த மூலத்தின் இரு மடங்கால் வகுத்துக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தால் 200-இன் வர்க்கமூலம் 14.14213564 என வருகிறது; மெய்யான மதிப்பு 14.14213562.