மார்ச் கடைசி வாரமும் ஒரு டெண்டரும்

டெண்டர் எழுதும் வேலைக்கு நான் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கிண்டியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், டெண்டர்களுக்குப் பதில் தயாரிக்கும் பிட் டீமில் இருக்கிறேன். அரசுத் துறை தன் தேவையைச் சொல்லி முன்மொழிவு கேட்கும் ஆவணமான ஆர்.எஃப்.பி.யை வெளியிட்டால் அதை வரிவரியாகப் படிப்போம், சந்தேகங்களைத் தீர்க்கும் ப்ரீ-பிட் கூட்டத்துக்குக் கேள்விகள் அனுப்புவோம், பதிலாக எங்கள் முன்மொழிவைத் தயாரித்து, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, கெடு முடிவதற்குள் போர்ட்டலில் ஏற்றுவோம்.

முதல் சில ஆண்டுகள் நான் எழுதியவை எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். இத்தனை ஆண்டு அனுபவம், இத்தனை ஊழியர்கள், ஐ.எஸ்.ஓ. தரச் சான்று, மென்பொருள் செய்யும் முறைக்கான சி.எம்.எம்.ஐ. லெவல் 5 சான்று. போட்டிக்கு வந்த மற்ற நிறுவனங்களும் அதையேதான் எழுதியிருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சான்று இல்லாதவர் உள்ளேயே வர முடியாது எனும்போது, அதைச் சொல்லி எப்படி ஜெயிப்பது?

ஒரு மாநகராட்சியின் சொத்து வரி மென்பொருள் டெண்டரில்தான் அது உறைத்தது. தொழில்நுட்ப விளக்கத்தில் நாங்கள் 40 ஸ்லைடு காட்டினோம். வருவாய்ப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க சார். மார்ச் கடைசி வாரம் சிஸ்டம் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். நிதியாண்டு முடியும் அந்த வாரத்தில்தான் வரி கட்டக் கூட்டம் குவியும். எங்களிடம் இருந்தது ஒரு பொதுவான பதில். 99.5 சதவீத இயக்க நேரம் தருவோம் என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நாங்கள் தோற்றோம். விலையில் தோற்கவில்லை என்பதுதான் வலித்தது. அது 70:30 டெண்டர், அதாவது தரத்துக்கு 70, விலைக்கு 30. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. நூற்றுக்கு வாங்கும் தொழில்நுட்ப மதிப்பெண்ணில் 70 சதவீதம் கணக்கில் சேரும், குறைந்த விலைக்கு முழு 30 கிடைக்கும். ஒருவர் விலை 1 கோடி, தொழில்நுட்ப மதிப்பெண் 75. இன்னொருவர் விலை 1.20 கோடி. விலைக் கூடுதலால் இவர் 30க்கு 25தான் வாங்குவார். தொழில்நுட்பத்தில் 80 வாங்கினால் மொத்தம் 81, எதிராளிக்கு 82.5, தோல்வி. 90 வாங்கினால் மொத்தம் 88, வெற்றி. நடுவே இருக்கும் அந்தப் பத்து மதிப்பெண்தான் எங்கள் பிழைப்பு. விற்றுமுதலுக்கும் பழைய திட்டங்களுக்கும் தரும் மதிப்பெண்ணை எழுத்தால் கூட்ட முடியாது. செயல்முறை அத்தியாயமும் விளக்கக் கூட்டமும் மட்டும்தான் நம் கையில் இருக்கின்றன. விலையை மட்டும் பார்க்கும் எல்1 டெண்டர் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆவணம் சரியாக இருக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் 'வின் தீம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கான காரணம் அது. மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் சொந்த வார்த்தையில் எடுத்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அதை நான் எங்கள் நிறுவனத்தின் பெருமைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அது இருந்ததோ அந்த அம்மாவின் பயத்துக்குள்.

ஒன்றரை வருடம் கழித்து வேறொரு மாநகராட்சியிலிருந்து ஏறக்குறைய அதே டெண்டர் வந்தது. இந்த முறை எழுத உட்காரும் முன் அபராதப் பிரிவைப் படித்தேன். ஒரு துறை எதற்கு அதிக அபராதம் போடுகிறதோ, அங்கேதான் அது முன்பு அடிபட்டிருக்கும். வசூல் நேரத்தில் சேவை நின்றால் மற்ற நேரத்தைப் போல மூன்று மடங்கு அபராதம் என்று போட்டிருந்தார்கள். ப்ரீ-பிட் பதில்களிலும் அதை மட்டும் தளர்த்த மறுத்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் அந்த ஊர் வரி வசூல் மையத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். பதினொன்றரை மணிக்கு நெட்வொர்க் போனது. கவுன்டரில் இருந்தவர் கையை விரித்தார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பெரியவர் எதுவும் பேசாமல் ரசீதுப் பையை மடித்துக்கொண்டு கிளம்பினார். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அங்கேயே வாக்கியம் கிடைத்துவிட்டது: 'இணையம் நின்றாலும் வசூல் நிற்காது.' ஆனால் வாக்கியம் கிடைத்தால் போதாது. அலுவலகத்துக்கு வந்து பொறியாளர்களுடன் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு கவுன்டருக்கும் பில் கலெக்டரின் கைக்கருவிக்கும் தனித்தனி ரசீது எண் வரிசை தந்துவிட்டால், இணைப்பு இல்லாமலே ரசீது போடலாம், இணைப்பு வந்ததும் எண்கள் மோதாமல் கணக்கில் சேரும் என்று அவர்கள் முடிவுக்கு வந்த பிறகுதான் எழுதினேன். செய்ய முடியாததை எழுதுவது பொய். அதுவும் ஒப்பந்தம் ஆனதும் நம் முன்மொழிவே அதன் ஒரு பகுதியாகிவிடும்.

மேலிடத்தில் செயற்கை நுண்ணறிவை முன்னால் வைக்கச் சொன்னார்கள். ஆர்.எஃப்.பி.யில் அந்தச் சொல்லே இல்லை என்று எடுத்துக் காட்டினேன். கொஞ்சம் மனத்தாங்கல் ஆனது. சரி, பிற்சேர்க்கையில் வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை முன்மொழிவு முழுக்க ஓடவிட்டோம். செயல்முறையில் வரைபடமாக வந்தது. பயிற்சித் திட்டத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு ரசீது போடும் ஒத்திகையாக வந்தது. திட்ட மேலாளரின் சுயவிவரத்தில் அவர் முன்பு கையாண்ட இரண்டு ஆண்டிறுதி வசூல்கள் முதல் வரிக்கு ஏறின. ஆதாரமாக, இதே முறை ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ஊரின் சான்றிதழை வைத்தோம். மார்ச் கடைசி வாரத்தில் எந்த மண்டலத்தில் யார் இருப்பார் என்று பெயர் போட்டு ஒரே பக்கத்தில் ஒரு பட்டியலும் தந்தோம்.

டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில் அங்கே போனபோது, வருவாய் அலுவலரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பட்டியல் பக்கம் இருந்தது. மூன்றாவது பெயரில் விரல் வைத்து, "இவரு வேலையை விட்டுப் போயிட்டாராமே. அவருக்குப் பதிலா யாரு வர்றாங்க?" என்று கேட்டார். அவர் அறையிலிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.